முத்தும் கீழ்முந்திரியும்

கடல் தரும் செல்வங்களுள் முத்துத் தலைசிறந்தது. பாண்டியர் துறைமுகமாகிய கொற்கையும், அதற்குப் பின்னர் ஓங்கிய தூத்துக்குடியும் மன்னார் வளைகுடா முத்தினாற் புகழ்பெற்றன. தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நிகழ்ந்த முத்துக்குளிப்புகளே அத்தொழிலின் இறுதிக் காலமாயின.

குளித்தெடுத்த முத்துகளைத் துளையிட்ட பித்தளைச் சல்லடைகளிற் சலித்துப் பருமன் பிரிப்பர், வடிவும் ஒளியும் நோக்கித் தரம் வகுப்பர், பின்னர் நிறுப்பர். 20 மஞ்சாடி கொண்டது ஒரு கழஞ்சு. ஆயினும், முத்தின் மதிப்பு நிறையளவே உயர்வதன்று. மஞ்சாடித் தொகையை அதனாலேயே பெருக்கி, அதில் முக்கால் பங்கு கொண்டு, முத்துகளின் எண்ணிக்கையால் வகுப்பர். வரும் ஈவுக்குச் 'செவ்வு' என்பது பெயர். செவ்வு ஒன்றுக்கு இன்ன விலை எனப் பேசி முடிப்பர். 10 மஞ்சாடி நிறையுள்ள ஒரே முத்துக்குச் செவ்வு 75. ஒவ்வொன்றும் 1 மஞ்சாடியாக உள்ள 10 முத்துகளுக்கோ செவ்வு ஏழரையே. நிறை ஒன்று, மதிப்போ பதின்மடங்கு வேறு!

நிறையைத் தன்னாலேயே பெருக்குவதால், நிறையில் நேரும் சிறு பிழையும் மதிப்பில் ஏறக்குறைய இருமடங்காகும். ஆகவே நுண்ணிய பின்னம் வேண்டும். பழந்தமிழ்க் கணக்கில் மா என்பது 20-இல் ஒன்று. காணி 80-இல் ஒன்று. முந்திரி 320-இல் ஒன்று. முந்திரியை மீண்டும் 320 கூறாக்கின், ஒரு கூறு கீழ்முந்திரி. அஃது 1,02,400-இல் ஒன்று. திண்ணைப் பள்ளிச் சிறுவர் இப்பின்னங்களை எண்சுவடியில் ஓதி மனப்பாடம் செய்தனர்.

1,02,400 என்னும் இவ்வெண்ணின் இயல்பைக் காண்போம். இது 320-இன் வர்க்கம். ஆதலின் முந்திரியை முந்திரியாற் பெருக்கின், மிச்சமின்றிக் கீழ்முந்திரி கிடைக்கும். 1 மஞ்சாடியும் 1 முந்திரியும் நிறையுள்ள முத்தைக் கொள்வோம். அந்நிறையின் வர்க்கம் 1-உம், 2 முந்திரியும், 1 கீழ்முந்திரியும் ஆகும். மாவை மாவாற் பெருக்கின் 256 கீழ்முந்திரி. காணியைக் காணியாற் பெருக்கின் 16. யாவும் முழுவெண்களே.

இவ்வெண்ணை மீதமின்றி வகுக்கும் எண்கள் 39. அவை 1-உம் 1,02,400-உம், 2-உம் 51,200-உம் என இரட்டை இரட்டையாய் அமையும். 320 மட்டும் தனக்குத் தானே துணையாதலின், தொகை ஒற்றைப்படையாயிற்று. வர்க்க எண் எதற்கும் இவ்வியல்பு உண்டு.

எனினும் இவ்வெண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டும் ஐந்தும் ஒழிய வேறு பகா எண் எதனாலும் இது வகுபடாது. மூன்று முத்துக்கோ ஏழு முத்துக்கோ பங்கிடின் மிச்சம் நிற்கும். பழங்கணக்கர் அதற்கும் வழி வைத்தனர். கீழ்முந்திரியை 21 கூறாக்கி, ஒரு கூற்றை இம்மி என்றனர். 1 கீழ்முந்திரியை மூவர் பகுத்தால் ஆளுக்கு 7 இம்மி. எழுவர் பகுத்தால் ஆளுக்கு 3 இம்மி.

மூச்சடக்கி மூழ்கியவன் உழைப்பையும், பொருள் கொடுத்து வாங்கியவன் முதலையும் பிழையற்ற கணக்கே காக்கும். 'இம்மியும் பிசகாது' என்று இன்றும் நாம் கூறும் வழக்கு, நேர்மைக்கு நம் முன்னோர் வகுத்த அளவுகோலை நினைவூட்டுகின்றது.

பயிற்சி

1. செவ்வு காணும் முறையை விளக்குக.
2. 1 மஞ்சாடியும் 1 காணியும் நிறையுள்ள முத்தின் நிறையை வர்க்கமாக்கி, விடையைக் காணியாலும் கீழ்முந்திரியாலும் கூறுக.