தீயணைப்பு விமானங்களுக்கு யார் பொறுப்பு?

2002ஆம் ஆண்டு, அமெரிக்காவில் காட்டுத்தீயை அணைக்கச் சென்ற இரண்டு விமானங்கள் ஒரு மாத இடைவெளியில் விழுந்து நொறுங்கின. பறக்கும்போதே அவற்றின் இறக்கைகள் முறிந்தன, ஐவர் உயிரிழந்தனர்.

இரண்டும் இராணுவம் முன்பு பயன்படுத்திய பழைய விமானங்கள். தீயணைப்பு விமானங்கள் மலைப்பகுதிகளில் தாழப் பறப்பதால், அவற்றின் இறக்கைகள் மிகுந்த அழுத்தத்திற்கு உள்ளாகின்றன. நாளடைவில் அவற்றில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன. அவ்வெடிப்புகளைக் கண்டறியும் சோதனைகள் போதவில்லை என விசாரணை காட்டியது.

விமானங்கள் தனியாருடையவை, அவற்றை ஒப்பந்தத்தில் அமர்த்தியதோ அரசு. எனவே, விமானங்களை அமர்த்தும் அரசுத் துறைகளே பாதுகாப்புக்கும் பொறுப்பேற்க வேண்டும் எனத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2004இல் வலியுறுத்தியது. உடனே, 33 பெரிய விமானங்களின் ஒப்பந்தங்கள் இரத்து செய்யப்பட்டன.

பிறரைக் காக்கச் செல்வோரைக் காப்பது, அவர்களை அனுப்புவோரின் கடமையன்றோ?