குளிகைக் கேமராவும் குடல் தூய்மையும்

சிறுகுடலில் மறைந்திருக்கும் இரத்தக்கசிவைக் கண்டறியக் கேப்சூல் எண்டோஸ்கோபி உதவுகிறது. நோயாளி விழுங்கும் சிறிய கேமராக் குளிகை, குடலைப் படமெடுத்தபடியே நகர்கிறது. வழக்கமான எண்டோஸ்கோபியில் மருத்துவர் அழுக்கை நீரால் கழுவி உறிஞ்சி எடுப்பார். இக்குளிகையால் அது இயலாது. உணவுத் துணுக்கு மறைத்தால், கசியும் புண் படத்தில் பதியாமலே போகலாம்.

எனவே, முந்தைய நாள் மருத்துவர் குறித்த நேரம் முதல் தண்ணீர், பால் சேர்க்காத தேநீர் போன்ற தெளிந்த திரவங்களை மட்டுமே அருந்துக. பேதி மருந்தை அளவு குறையாமல் பருகுக. இரும்புச்சத்து மாத்திரைகள் குடலில் கருமையாகப் படியும். அவற்றை எப்போது நிறுத்துவதென முன்னரே கேட்டறிக. நீரிழிவு உள்ளவர்கள், பட்டினி நேரத்திற்குரிய இன்சுலின், மாத்திரை அளவுகளை மருத்துவரிடம் எழுதி வாங்குவது அவசியம். பேதியின்போது முதியோருக்குத் தலைசுற்றல் வரலாம். அன்றிரவு உறவினர் ஒருவர் உடனிருத்தல் நன்று.