அப்பாவை ஹோம்ல சேர்க்கணுமா? ராத்திரி 3 மணிக்கு அங்க யார் முழிச்சிருப்பாங்கன்னு முதல்ல கேளுங்க

பழவேற்காடு பக்கம் ஒரு குப்பத்திலிருந்து ஒரு தம்பி ரிட்டர்ன் ஃபைல் பண்ண என்னிடம் வருவார். வயசு 28. அம்பத்தூரில் வேலை, டேக் ஹோம் 52,000. இந்த முறை ஃபார்ம் 16-ஐ மேஜையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமலே உட்கார்ந்திருந்தார். அப்புறம் கேட்டார்: "அண்ணா, மாசம் முப்பதாயிரத்துக்கு ஒரு ஹோம் பாத்து வெச்சிருக்கேன். அப்பாவைச் சேர்க்கலாமா? வரியில ஏதாவது கழியுமா?"

அவர் சம்மதத்தோடுதான் எழுதறேன், அடையாளங்களை மாத்தியிருக்கேன்.

அப்பாவுக்கு 67 வயசு. வாழ்நாள் முழுக்க ஏரியில் தொழில் பண்ணவர். டிமென்ஷியா என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷம் ஆச்சு. பழவேற்காடு ஏரியில் பாடு முறை என்று ஒன்று உண்டு. எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை போடலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு. மனுஷனுக்கு மகன் பேர் மறந்துபோகிறது, பாடு மறக்கவில்லை. விடியற்காலை மூணு மணிக்கு எழுந்து "இன்னிக்கு நம்ம பாடு" என்று கதவைத் திறக்கிறார். இரண்டு தடவை இடுப்பளவு தண்ணியிலிருந்து ஆட்கள் கூட்டி வந்திருக்கிறார்கள். அதிலிருந்து அம்மா வாசப்படிக்குக் குறுக்கே பாய் போட்டுத்தான் படுக்கிறார். "அம்மா ஒரு ராத்திரி முழுசா தூங்கி ரெண்டு வருஷம் ஆச்சுண்ணா" என்றார் தம்பி. "ஹோம்ல தள்ளிட்டான்" என்று ஊர் பேசும் என்ற பயமும் அவருக்கு இருந்தது. அந்த வாசப்படியில் ஒரு வாரம் படுத்துப் பார்த்தவர்கள் பேசட்டும்.

வரியைப் பத்தின பதில் சின்னது, கடைசியில் சொல்றேன். முதல் கேள்விக்குத்தான் இரண்டு சனிக்கிழமை ஆச்சு. அவரோடு நானும் போய் நாலு ஹோம் பார்த்தேன்.

போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். மறதி எல்லாமே டிமென்ஷியா இல்லை. பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் தேங்குவது, இதனாலும் மறதி வரும். இவற்றில் பலவற்றை வைத்தியத்தால் சரிபண்ண முடியும். நரம்பியல் டாக்டரோ மனநல டாக்டரோ பார்த்து உறுதிசெய்த பிறகுதான் ஹோம் பேச்சு. கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லையென்றால் முதியோர் உதவி எண் 14567-க்குக் கூப்பிடுங்க.

மூணு மணிக் கேள்வி

ஆடிட்டில் ஒரு பழக்கம் உண்டு. நாள் குறித்துச் சொல்லிவிட்டுப் போனால் கேஷ் பாக்ஸ் எப்பவும் சரியாக இருக்கும். சொல்லாமல் போனால்தான் நிஜ இருப்பு தெரியும். ஹோமுக்கும் அதேதான். முதல் தடவை அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொண்டு போங்க. இரண்டாவது தடவை சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்குச் சொல்லாமல் போய் நில்லுங்க. டிமென்ஷியா உள்ள நிறைய பேருக்குப் பொழுது சாயும் நேரத்தில்தான் பதற்றம் கூடும். சாப்பாட்டு நேரமும் அதுதான். ஒரு பெரியவருக்கு வேலைக்காரர் எப்படி ஊட்டுகிறார் என்று பத்து நிமிஷம் பார்த்தால் போதும், பிரவுச்சர் தேவைப்படாது.

நாங்கள் பார்த்ததில் முதல் ஹோம் ஹோட்டல் மாதிரி இருந்தது. ஏசி, மீன் தொட்டி, சுவரில் பெரிய டிவி. மேனேஜர் நல்லாப் பேசினார். தம்பி கேட்டார்: "ராத்திரி மூணு மணிக்கு எத்தனை பேர் முழிச்சிருப்பாங்க சார்?" "24 மணி நேரமும் ஸ்டாஃப் இருப்பாங்க" என்று பதில். கேட்டது இருப்பவர்களை இல்லை, முழிச்சிருப்பவர்களை. திரும்பக் கேட்டதும் வந்த பதில்: 22 பேருக்கு ஒருத்தர், அவரும் கீழ்த்தளத்தில். மூணு மணிக்கு எழுந்து கதவைத் தேடுகிற மனுஷனுக்கு அந்த ஏசியால் என்ன பிரயோஜனம்?

"தூங்கலைன்னா மாத்திரை கொடுத்துடுவோம்" என்றும் சொன்னார். இந்த வரியைக் கேட்டால் உடனே மூணு கேள்வி கேளுங்க: எந்த மாத்திரை, எந்த டாக்டர் எழுதினது, எங்களுக்கு எப்போ சொல்வீங்க? தூக்க மாத்திரையால் தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அந்தச் செலவு உங்களோடது, வலி அவரோடது.

கட்டிவைப்பதும் அப்படித்தான். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் மனநோய்க்குத் தரும் விளக்கத்திலேயே நினைவாற்றல் கோளாறும் வருகிறது. அந்தச் சட்டத்தின் 97-ஆம் பிரிவுப்படி, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும்தான் ஒருவரைக் கட்டுப்படுத்தலாம். அதற்கும் மனநல மருத்துவரின் அனுமதி வேணும், பதிவேட்டில் எழுதணும். "அந்த ரிஜிஸ்டரைக் காட்டுங்க" என்று கேட்டபோது ஒரு இடத்தில் முறைத்தார்கள். இன்னொரு இடத்தில் எடுத்துக் காட்டினார்கள். எங்களுக்கு அதுவே ஒரு பதில்.

தம்பி எல்லா ஹோமிலும் இன்னொரு கேள்வியும் கேட்டார். எனக்குத் தோன்றாத கேள்வி. "அப்பா வலை பின்னுவாரு. ஒரு பழைய வலையும் ஊசியும் கொண்டாந்து கொடுக்கலாமா?" இரண்டு இடத்தில் "அதெல்லாம் அலோ பண்றதில்லை". ஒரு இடத்தில் "பாக்கலாம்". நாலாவது ஹோமில் மட்டும் அங்கிருந்த நர்ஸ் அம்மா திருப்பிக் கேட்டார்: "ஊசி கூரா இருக்குமா தம்பி? பிளாஸ்டிக்கா? எத்தனை மணிக்கு எழுந்துப்பாரு? மீன் இல்லாம சாப்பிடுவாரா? கோவம் வந்தா என்ன சொன்னா அடங்குவாரு?" கால் மணி நேரம் கேள்வி அவருடையது, பதில் எங்களுடையது. சுண்ணாம்பு உதிர்ந்த சுவர்தான், ஏசியும் கிடையாது. ஆனால் வரப்போகிற ஆள் யாரென்று தெரிந்துகொள்ள நினைத்தது அந்த ஒரு இடம்தான்.

பேப்பரைப் பாருங்க

பிப்ரவரி 2023-இல் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் அன்பு ஜோதி ஆசிரமம் செய்தியில் அடிபட்டது நினைவிருக்கும். வெளிநாட்டில் வாழும் ஒருவர் தன் உறவினரான முதியவரை அங்கே சேர்த்திருந்தார். பார்க்க வந்தபோது ஆள் இல்லை. பெங்களூரில் வேறொரு இல்லத்துக்கு மாத்திட்டோம் என்று பதில். அங்கேயும் அவர் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் அதிகாரிகள் உள்ளே போனார்கள். முறையான உரிமம் இல்லை என்று தெரியவந்தது. 140-க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். பாலியல் வன்கொடுமை உட்படப் பல குற்றச்சாட்டுகள் எழுந்து, வழக்கு சிபிசிஐடிக்குப் போனது.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. இதிலிருந்து இரண்டு கேள்வி எடுத்துக்கலாம். ஒன்று, பதிவு. சமூக நலத்துறையில் முதியோர் இல்லமாகப் பதிவு இருக்கா, டிமென்ஷியா உள்ளவர்களை வைத்துப் பார்ப்பதற்கு மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கா, எந்தத் தேதி வரைக்கும் செல்லும்? சர்டிபிகேட்டை போட்டோ எடுத்துக்கொண்டு, மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரித்துப் பாருங்க. இரண்டு, மாற்றம். "குடும்பத்தின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் வேறு இல்லத்துக்கு மாற்றக் கூடாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அன்றே தெரிவிக்கணும்" என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கணும். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்க. எழுத மாட்டோம் என்றால் எழுந்து வந்துடுங்க.

அதே ஒப்பந்தத்தில் டெபாசிட்டையும் பாருங்க. ஒரு மாசத்தில் கூட்டிக்கொண்டு போனால் எவ்வளவு திரும்ப வரும்? இறந்துபோனால்? நோய் முத்திப் படுக்கையாகிவிட்டால் வைத்துப் பார்ப்பாங்களா, இல்லை "கூட்டிட்டுப் போங்க"ன்னு சொல்வாங்களா? கடைசிக் கேள்வியைச் சேர்க்கும்போது யாரும் கேட்பதில்லை. சங்கடம்தான், கேட்டுடுங்க.

முப்பதாயிரம் என்பது முப்பதாயிரம் இல்லை

தம்பி மனசுக்குள் போட்டிருந்த கணக்கு: 52-ல் 30 போனால் 22 மிச்சம், சமாளிச்சுடலாம். முதல் ஓட்டை ஜிஎஸ்டி. அரசு அல்லது வருமான வரிச் சட்டத்தில் 12ஏபி பதிவுள்ள அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லம், 60 வயசுக்கு மேற்பட்டவரிடம் தங்குமிடம், சாப்பாடு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாசம் 25,000 வரை வாங்கினால் ஜிஎஸ்டி கிடையாது. தனியார் கம்பெனி நடத்தும் ஹோம் 18% போட்டால் 30,000 என்பது 35,400 ஆகிடும். கையில் மிச்சம் 16,600. அதில்தான் அம்பத்தூர் ரூம் வாடகை, பைக் இஎம்ஐ, அம்மாவுக்கு வீட்டுச் செலவு. டயாபர், மாத்திரை, ஆஸ்பத்திரிக்குக் கூட ஆள் அனுப்பும் செலவெல்லாம் தனி பில்.

அடுத்தது வருஷம். இந்த நோயோடு ஒருத்தர் பல வருஷம் வாழ்வார். கட்டணம் வருஷத்துக்கு 8% ஏறும் என்று வைத்து, ஜிஎஸ்டி இல்லாமலே மாசம் 30,000-க்கு ஐந்து வருஷக் கணக்குப் போட்டால் 21.1 லட்சம். ஜிஎஸ்டி சேர்த்தால் 24.9 லட்சம். எட்டு வருஷமென்றால் ஜிஎஸ்டி இல்லாமலே 38 லட்சத்தைத் தாண்டும். பாதியில் பணம் தீர்ந்து, பழகின இடத்திலிருந்து அவரைக் கிளப்பிக்கொண்டு வருவதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு. புது இடம், புது முகம் என்றாலே குழம்பிப்போகிறவர்கள் இவர்கள். மாசம் எவ்வளவு கட்ட முடியும் என்று பார்க்காதீங்க, எட்டு வருஷம் கட்ட முடிகிற தொகை எதுன்னு பாருங்க. கூடப்பிறந்தவர்கள் இருந்தால் பங்கை இப்பவே ஒரு பேப்பரில் எழுதிடுங்க. தம்பியின் அக்கா காசிமேட்டில் இருக்கிறார். 6,000 தருவதாக அவரே சொல்லி எழுதிக் கொடுத்தார்.

இன்சூரன்ஸ் இருக்கே என்பீங்க. பாலிசியில் "Excl05" என்ற விலக்கைத் தேடிப் பாருங்க. குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது மாதிரியான பராமரிப்புக்காகத் தங்குவது அதில் வெளியே போய்விடும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குத்தான், ஹோம் வாடகைக்கு இல்லை.

கைநாட்டு வேண்டாம்

பணத்துக்குத் தம்பி வைத்திருந்த வழி, அப்பாவின் ஃபைபர் படகையும் இன்ஜினையும் விற்பது. படகு அப்பா பேரில் பதிவு. "தூங்கும்போது கைநாட்டு வாங்கிடு" என்று ஊரில் ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அது மோசடி. என்ன கையெழுத்துப் போடுகிறோம் என்று புரியாத நிலையில் செய்த ஒப்பந்தம் செல்லாது. முன்னாடியே எழுதி வைத்த பவர் பத்திரமும் காப்பாத்தாது. ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவுப்படி, கொடுத்தவர் மனத்திறனை இழந்தால் பவரும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு கார்டியன் நியமிக்கச் சொல்லி நீதிமன்றம்தான் போகணும்.

ஆனால் சட்டத்தில் ஒரு ஜன்னல் இருக்கு. தெளிவாக இருக்கும் நேரத்தில், புரிந்து செய்தால் செல்லும். நோய் ஆரம்பத்தில் இருக்கும்போதே டாக்டரிடம் "இவருக்கு இந்தப் பத்திரம் புரிகிறது" என்று சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு, பேங்க் கணக்கை ஜாயின்டாக்கி "ஐதர் ஆர் சர்வைவர்" போடுங்க, நாமினி போடுங்க, உயில் எழுத விரும்பினால் எழுதட்டும். மனநலச் சட்டப்படி தனக்காக முடிவெடுக்கும் பிரதிநிதியையும் அவரே வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டோ கைநாட்டு வைத்தோ நியமிக்கலாம். எங்க தம்பிக்குப் பாதி ஜன்னல்தான் திறந்திருந்தது. பேங்க் வேலை முடிந்தது. படகு இன்னும் கரையிலேயே கிடக்கு.

சரி, வரி

80டிடிபி பிரிவில் டிமென்ஷியா உண்டு. பாதிப்பு 40% அல்லது அதற்கு மேல் என்று சான்று வேணும், நரம்பியல் நிபுணரின் சீட்டு வேணும். 60 வயசைத் தாண்டிய அப்பா அம்மாவின் சிகிச்சைக்கு 1 லட்சம் வரை கழிக்கலாம். சிகிச்சைச் செலவுக்கு மட்டும்தான், அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் இல்லை. அதனால் பில்லைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்க. பாட்டி தாத்தாவுக்கு நீங்க செலவு பண்ணால் இந்தக் கழிவு வராது, சட்டம் சொல்லும் உறவுகளில் அவங்க இல்லை. இதெல்லாம் பழைய வரிமுறையில் மட்டும். 2026 ஏப்ரலிலிருந்து புதுச் சட்டம், பிரிவு எண்கள் வேறு.

2025-26-க்குப் புதிய முறையில் சம்பளம் 12.75 லட்சம் வரை இருந்தால் வரியே கிடையாது. தம்பியின் சம்பளத்துக்குக் கழிக்க அங்கே ஒன்றும் இல்லை. "அப்போ இதுக்காகவா வந்தேன்" என்று சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதான்.

நாலாவது ஹோமில் ஒரு மாசம் மட்டும் தங்கவைத்துப் பார்ப்பது என்று முடிவாச்சு. அறக்கட்டளை நடத்துவது, மாசம் 22,000, அக்காவின் பங்கு போகத் தம்பிக்கு 16,000. பொன்னேரியிலிருந்து அம்மா ஒரே பஸ்ஸில் போய் இறங்கலாம். ராத்திரி டியூட்டியில் முழிச்சிருப்பது இரண்டு பேர். வலையும் பிளாஸ்டிக் ஊசியும் போயிருக்கு. முதல் வாரம் அப்பா இரண்டு ராத்திரி கதவைத் தட்டினார், மூணாவது ராத்திரி டீ குடித்துவிட்டு வலையோடு உட்கார்ந்துவிட்டார் என்று போன் வந்தது. வீட்டில் அம்மா இன்னும் மூணு மணிக்கு எழுந்துகொள்கிறாராம். பாய் மட்டும் உள்ளே வந்திருக்கு.

முதல் மாச பில் வந்ததும், அதில் தனியாகப் போட்டிருப்பதையெல்லாம் வைத்து அடுத்த வீடியோ பண்றேன்.