தொகுதியின் முதல் பத்து: முன்னுரிமையைக் கற்பிக்க நான்கு பாடவேளைகள்

சட்டமன்ற உறுப்பினராக 25 வயது நிரம்பியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 234 தொகுதிகள். அவற்றில் 44 தொகுதிகள் பட்டியல் சாதியினருக்கும் 2 தொகுதிகள் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. எட்டாம் வகுப்பில் மாநில அரசு பற்றிய பாடம் முடிந்ததும் மாணவர்கள் இவற்றைத் தடையின்றிச் சொல்லிவிடுகிறார்கள். "சரி, தேர்தல் முடிந்த மறுநாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் அவர் என்ன செய்வார்?" என்று கேட்டால்தான் வகுப்பு தடுமாறுகிறது. "ரோடு போடுவார்", "கல்யாணத்துக்கு வருவார்", "கபடிப் போட்டிக்குக் கோப்பை கொடுப்பார்" என்று பதில்கள் வருகின்றன.

மூன்று பதில்களிலும் அவர் கொடுப்பவர், மக்கள் வாங்கிக்கொள்பவர்கள். எதை முதலில் செய்வது என்று அவர் எப்படி முடிவெடுக்கிறார், அந்த முடிவில் நம் குரலுக்கு இடம் உண்டா என்ற கேள்வியே அங்கு எழவில்லை. குடிமையியல் பாடத்தின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதற்காக எட்டாம் வகுப்பில் நான்கு பாடவேளைகளில் செய்து பார்த்ததை இங்கே பகிர்கிறேன். சிறு மாற்றங்களோடு ஐந்தாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் இது பொருந்தும்.

முதல் பாடவேளை: எந்த வாசலைத் தட்டுவது?

முந்தைய நாளே ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். வீட்டிலும் தெருவிலும் விசாரித்து, ஊருக்குத் தேவையான ஒன்றை ஒரே வரியில் துண்டுச் சீட்டில் எழுதி வர வேண்டும். பெயர் எழுத வேண்டாம். மறுநாள் 32 சீட்டுகள் சேர்ந்தன. கரும்பலகையில் மூன்று கட்டங்கள் போட்டேன்: உள்ளாட்சி, மாநில அரசு, ஒன்றிய அரசு. ஒவ்வொரு சீட்டும் எந்தக் கட்டத்தில் சேரும் என்று குழுவாகப் பேசி ஒட்ட வேண்டும்.

தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சாக்கடை ஆகியவை ஊராட்சியின் பொறுப்பு. பேருந்து, ஆரம்ப சுகாதார நிலையம், நியாயவிலைக் கடை, பள்ளிக்கு வகுப்பறை ஆகியவை மாநில அரசின் துறைகளோடு தொடர்புடையவை. ரயில்வே கேட்டும் அஞ்சலகமும் ஒன்றிய அரசைச் சேர்ந்தவை. அவற்றை நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொண்டு செல்வதே பொருத்தம். தெருவிளக்கை மாணவர்களில் பாதிப் பேர் மாநில அரசுக் கட்டத்தில் ஒட்டியிருந்தார்கள். "எங்க அப்பா எம்.எல்.ஏ. வந்தப்ப அதைத்தான் கேட்டாரு" என்றான் ஒருவன். கேட்டதில் தவறில்லை. ஆனால் ஊராட்சித் தலைவரிடமோ கிராம சபையிலோ முடிய வேண்டிய வேலைக்குச் சட்டமன்ற உறுப்பினரின் நேரம் போனால், அவரால் மட்டுமே செய்யக்கூடிய வேலை பின்னுக்குப் போகும்.

அவரால் மட்டுமே செய்யக்கூடியது எது? இங்கே பாடநூலைத் திறக்கச் சொன்னேன். சட்டம் இயற்றுவதில் பங்கேற்பதும் வாக்களிப்பதும் அவருடைய முதல் கடமை. கேள்வி நேரத்தில் அமைச்சரிடம் தொகுதியைப் பற்றிக் கேட்கலாம். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் அவையிலேயே வாய்மொழியாகப் பதில் கிடைக்கும், துணைக் கேள்வியும் கேட்கலாம். மானியக் கோரிக்கை விவாதத்தில் ஒரு துறையின் செலவைப் பற்றிப் பேசலாம். கவன ஈர்ப்புத் தீர்மானம் கொண்டுவரலாம். ஒரு மனு சரியான வாசலுக்குப் போனால் அது அவையில் ஒரு கேள்வியாக மாறக்கூடும் என்று சொன்னபோது மாணவர்களின் முகத்தில் வியப்பு தெரிந்தது.

இரண்டாம் பாடவேளை: ஒரு சிறு கணக்கு

இந்தப் பாடவேளையைக் கணித ஆசிரியருடன் சேர்ந்து நடத்தலாம். 2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் வாக்காளர்கள் சுமார் 6.28 கோடிப் பேர். அதை 234ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்குச் சராசரியாக 2.7 லட்சம் வாக்காளர்கள் வருகிறார்கள். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். இதை வாக்காளர்களுக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு எவ்வளவு?

மாணவர்கள் வகுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 110 ரூபாய். "அவ்வளவுதானா டீச்சர்? ரெண்டு பரோட்டா பார்சல் காசு!" என்று கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது. மூன்று கோடி என்றதும் மலைத்தவர்கள், 110 ரூபாய் என்றதும் யோசிக்கத் தொடங்கினார்கள். இந்தப் பணம் உறுப்பினரின் கைக்கு வருவதில்லை. அவர் பணிகளைப் பரிந்துரைக்கிறார், மாவட்ட நிர்வாகம் அனுமதி வழங்கிச் செயல்படுத்துகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

முன்னுரிமை என்ற சொல்லுக்கு அதன்பின் நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருக்கும் பணமும் நேரமும் எல்லாவற்றுக்கும் போதாது. அதனால் ஒன்றை முன்னால் வைத்தால் இன்னொன்று பின்னால் போகும். கொடுக்க மனமில்லாததால் மட்டுமே ஒரு கோரிக்கை நிற்பதில்லை, வேறொன்று அதைவிட முக்கியம் என்று முடிவாவதாலும் நிற்கிறது. அந்த முடிவு நியாயமானதா என்று கேட்கும் உரிமைதான் வாக்காளருடையது.

நம் மாநிலத்திலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 2022 ஆகஸ்டில் 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டத்தின்கீழ், எதிர்க்கட்சியினர் உட்பட 234 சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் முதலமைச்சர் கடிதம் எழுதினார். தங்கள் தொகுதியில் நீண்ட காலமாக நிறைவேறாமல் இருக்கும் பத்து முக்கியத் தேவைகளைப் பட்டியலிட்டு மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கும்படி அதில் கேட்டிருந்தார். ஒரு தொகுதியில் நூற்றுக்கணக்கான தேவைகள் இருக்கும். பட்டியலில் இருப்பதோ பத்து இடங்கள்தாம். "நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் எந்தப் பத்தை எழுதுவீர்கள்? பதினொன்றாவதாக இருப்பவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?" என்று கேட்டு அன்றைய வகுப்பை முடித்தேன்.

மூன்றாம் பாடவேளை: கைதூக்கினால் போதுமா?

நான்கு பாடவேளைகளில் இதுவே கடினமானது. மாநில அரசுக் கட்டத்தில் இருந்த 14 சீட்டுகளை எடுத்து, வகுப்பைச் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகமாகப் பாவித்து, அவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். மாணவர்கள் உடனே கையைத் தூக்கி வாக்கெடுத்தார்கள். எங்கள் பள்ளிக்கு நான்கு ஊர்ப் பிள்ளைகள் வருகிறார்கள். பெரிய ஊரின் பிள்ளைகள் 19 பேர். முதல் மூன்று இடங்களும் அந்த ஊருக்கே போயின. சமுதாயக் கூடத்துக்கு 19 வாக்குகள். ஆற்றுக்கு அப்பால் இருக்கும் சிற்றூருக்கு மாலையில் ஒரு பேருந்து வேண்டும் என்ற சீட்டுக்கு 3 வாக்குகள்.

அந்தச் சிற்றூர் மாணவி எழுந்து கேட்டாள்: "எங்க ஊர்ல ஆளே கம்மி டீச்சர். அப்ப எங்களுக்கு எப்பவுமே வராதா?"

யாரும் பேசவில்லை. நானும் உடனே பதில் சொல்லவில்லை. கேள்வியை அப்படியே கரும்பலகையில் எழுதினேன். பிறகு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன்: வாக்கெடுப்புக்கு முன் ஒவ்வொரு கோரிக்கையையும் நான்கு கேள்விகளால் எடைபோட வேண்டும். எத்தனை பேருக்குப் பயன்படும்? கிடைக்காவிட்டால் பாதிப்பு எவ்வளவு கடுமை? வேறு வழி ஏதும் இருக்கிறதா? எவ்வளவு காலமாகக் காத்திருக்கிறது?

பெரிய ஊரில் கோயில் மண்டபமும் பள்ளி மைதானமும் ஏற்கெனவே கூடும் இடங்களாக இருப்பதை மாணவர்களே சொன்னார்கள். சிற்றூரில் மாலைப் பேருந்து இல்லாததால் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட அக்காக்கள் இருவரைப் பற்றி அந்த மாணவி சொன்னாள். மறுபடியும் வாக்கெடுத்தபோது பேருந்து இரண்டாம் இடத்துக்கு வந்தது. மனம் மாறாதவர்களும் இருந்தார்கள். "ஓட்டுப் போடறது அதிகம் பேர்னா அவங்க சொல்றதைத்தானே கேக்கணும்?" என்று ஒரு மாணவன் கடைசிவரை வாதிட்டான். அவனுடைய வாதத்தையும் கரும்பலகையில் எழுதினேன். அதுவும் மக்களாட்சியின் ஒரு பக்கம்தான்.

பத்தாம் வகுப்பு என்றால் இந்த இடத்தில் உலக வரலாற்றிலிருந்து ஒன்றைச் சேர்க்கலாம். 1774இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம் எட்மண்ட் பர்க் என்பவரை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தது. வாக்காளரின் விருப்பத்துக்குப் பெரும் மதிப்பு அளிப்பேன். ஆனால் என் சொந்த அறிவையும் மனச்சான்றையும் அதற்காக விட்டுக்கொடுக்க மாட்டேன் என்ற பொருளில் அவர் அங்கே பேசினார். அயர்லாந்தின் வணிகத்துக்கு விதித்திருந்த தடைகளைத் தளர்த்த வேண்டும் என்று அவர் எடுத்த நிலை பிரிஸ்டல் வணிகர்களுக்குப் பிடிக்கவில்லை. 1780இல் ஆதரவு குறைந்திருப்பதைக் கண்டு அவர் அங்கே போட்டியிலிருந்து விலகினார். பிரதிநிதி என்பவர் சொன்னதைச் செய்பவரா, ஆராய்ந்து முடிவெடுப்பவரா என்று இரு அணிகளாகப் பிரித்து விவாதிக்கச் செய்தால் நல்ல பட்டிமன்றமே நடக்கும். எந்த அணி வென்றாலும் ஒன்று நிலைக்கும்: எடுத்த முடிவை வாக்காளருக்கு விளக்கும் கடமை பிரதிநிதிக்கு இருக்கிறது.

நான்காம் பாடவேளை: மனுவும் மறுமொழியும்

தமிழ்ப் பாடத்தில் அனுப்புநர், பெறுநர், பொருள் என்று கடிதம் எழுதப் பழகியிருக்கிறார்கள். அதே வடிவத்தில் ஒரு மனு எழுதினோம். நான்கு விதிகள் வைத்தேன். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. 'ரொம்ப நாளாக' என்று எழுதாமல் எந்த ஆண்டிலிருந்து என்று எழுத வேண்டும். எத்தனை பேர், எத்தனை கிலோமீட்டர் என்று எண்ணால் சொல்ல வேண்டும். கெஞ்சலும் வேண்டாம், அதட்டலும் வேண்டாம்.

"தங்கள் பொற்பாதங்களில் பணிந்து" என்று தொடங்கியிருந்த ஒரு மனுவை வகுப்பே திருத்தியது. "மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். எங்கள் ஊரிலிருந்து 11 மாணவர்கள் 4 கிலோமீட்டர் நடந்து பள்ளிக்கு வருகிறோம்" என்று அது மாறியது. மரியாதை குறையவில்லை, செய்தி தெளிந்தது.

பாதி வகுப்பு மனு எழுத, மறுபாதி உறுப்பினரின் இடத்தில் இருந்து மறுமொழி எழுதியது. 'ஆவன செய்யப்படும்' என்ற தொடரைப் பயன்படுத்தக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. செய்ய முடியும் என்றால் எந்தத் துறைக்கு எழுதியிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். முடியாது என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். மறுமொழிதான் மனுவைவிடக் கடினம் என்பதை மாணவர்கள் தாங்களே கண்டார்கள். பட்டியலில் இடம்பெறாதவருக்குக் காரணத்தைச் சொல்லி எழுத அரைமணி நேரம் எடுத்தது.

ஆசிரியர் கவனத்திற்கு

கட்சி, கொடி, தலைவர் பெயர் எதுவும் இந்தப் பாடத்துக்குள் வர வேண்டாம். பதவியின் பெயரால் மட்டும் பேசுவோம். துண்டுச் சீட்டில் குடும்பத் துயரம் எதையாவது ஒரு குழந்தை எழுதியிருந்தால் அதை வகுப்பில் படிக்காமல் தனியே எடுத்துப் பேசுங்கள். எழுதிய மனுக்கள் பயிற்சிக்கானவை. அவற்றை நாம் அனுப்புவதில்லை. உண்மையான கோரிக்கை என்றால், திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தைப் பற்றியும் கிராம சபையைப் பற்றியும் பெற்றோரிடம் எடுத்துச் சொல்லும்படி மாணவர்களிடம் கூறலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களிலும் கிராம சபை கூடுகிறது. இந்த நாள்களை வகுப்பறைச் சுவரில் எழுதி வைப்பதே ஒரு பாடம்.

மதிப்பீட்டுக்கு நான் ஒரே கேள்வி கொடுத்தேன்: "உன் கோரிக்கைக்கு முன்பாக வேறு யாருடைய கோரிக்கையை வைப்பாய்? ஏன்?" தன் ஊரைத் தாண்டி ஒரு வரி எழுதிய ஒவ்வொரு விடைக்கும் முழு மதிப்பெண். 32 பேரில் 21 பேர் அந்த வரியை எழுதினார்கள். மீதி 11 பேருக்காக இந்தப் பருவத்தில் இன்னொரு பாடவேளை ஒதுக்கியிருக்கிறேன்.