தொலைகாட்டிக்குக் கைத்தொலைபேசியை இணைத்தல்

ஒரு தொலைகாட்டியால் ஒரு நேரத்தில் ஒருவரே பார்க்கலாம். நாற்பது மாணாக்கர் வரிசையில் நிற்க, முன்னிற்பவன் பார்த்து முடிப்பதற்குள் பறவை எழுந்து போய்விடும். பின்னிற்பவன் காணாததைக் கண்டதாகத் தலையசைத்து அகல்வான். நெய்தற் பாட்டுக்களைக் கற்பிக்குமிடத்து இக்குறையைப் பெரிதும் உணர்ந்தேன். பாட்டில் வரும் நாரை நமக்கு அயலதன்று. தொண்டைமானாற்றுக் கடனீரேரியிலும், 1938இற் சரணாலயமாகவும் 2015இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்ட சுண்டிக்குளத்திலும் அதனைக் காணலாம். ஆயினும் அது நிற்குந் தூரத்தில் இன்ன பறவையென வெறுங்கண் துணியாது. ஆதலின், தமிழாசிரியன் ஒருவன் ஒளியியல் பேசப் புகுந்ததை விஞ்ஞான ஆசிரியர்கள் பொறுத்தருள்க.

தொலைகாட்டியின் பின்னே எண்மக் கமராவைப் பொருத்திப் பறவைகளைப் படமெடுக்கும் முறையை 1999இல் மலேசியப் பறவை ஆர்வலர் லோரன்ஸ் போ செய்துகாட்டினார். இன்று அக்கமரா எல்லோர் சட்டைப்பையிலும் உள்ளது. இரண்டையும் பிணைக்கும் குழலே வேண்டுவது.

பார்வைத்துண்டினின்றும் வெளிவரும் ஒளி, சற்றுப் பின்னே ஒரு சிறு வட்டமாக ஒடுங்கும். அதனைக் கண்வளையம் என்பர். பொருள்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுக்க அதன் விட்டம் கிடைக்கும். 10 மடங்கு பெருக்கும் 50 மில்லிமீற்றர்த் தொலைகாட்டிக்கு அது 5 மில்லிமீற்றர். நம் கண் அவ்விடத்தைத் தானே தேடி அமர்ந்துகொள்ளும், தொலைபேசிக்கு அவ்வறிவில்லை. அதன் வில்லை சில மில்லிமீற்றர் பக்கம் விலகினாற் படத்தின் ஒரு பாதி இருண்டுவிடும். முன்னோ பின்னோ விலகினால், கரிய வெளியில் ஒரு சிறு வட்டமே தெரியும்.

ஆகவே, குழலை வெட்டுமுன் அளந்துகொள்க. தொலைகாட்டியைச் சூரியனில்லாத பக்கத்து வானை நோக்கி நிறுத்தி, பார்வைத்துண்டின் பின்னே ஓர் எண்ணெய்த்தாளைப் பிடித்து மெல்ல நகர்த்துக. ஒளிவட்டம் மிகச் சிறிதாய்க் கூராய்த் தெரியுமிடத்திலேயே தொலைபேசியின் வில்லை இருத்தல் வேண்டும்.

பார்வைத்துண்டைச் சற்றே தளர்வாகக் கொள்ளும் எஸ்லோன் குழாய்த் துண்டொன்றும், தொலைபேசியின் பழைய கெட்டியுறை ஒன்றும் போதும். தளர்வைச் சைக்கிள் ரியூப் கீற்றுக்களாற் சுற்றி நிரப்புக. குழாயின் உட்புறம் வெண்மையாய்ப் பளபளத்தாற் படம் மங்கும். பளபளப்பற்ற கறுப்புத்தாளை உள்ளே ஒட்டுக. உறையை உடனே ஒட்டிவிடலாகாது. தொலைபேசியை இயக்கி, திரையிற் படம் நடுவே வருமட்டும் உறையை நகர்த்தி, பென்சிலாற் கோடிட்டு, தொலைபேசியைக் கழற்றிய பின்பே ஒட்டவேண்டும். பல வில்லைகளுள்ள தொலைபேசி, சொல்லாமலே வில்லை மாறும். முதன்மை வில்லையிலேயே அதனை நிறுத்திவைக்க. விரல் பட்டாற் படம் நடுங்குமாதலால், சில வினாடி கழித்துத் தானே எடுக்கும் ஏற்பாட்டைப் பயன்படுத்துக. முக்காலி இன்றியமையாதது. கடையில் விற்கும் பிடிகளும் உள. எல்லாத் தொலைபேசிக்கும் பொருந்த முயன்று ஒன்றுக்கும் நேரே பொருந்தாதவை அவை என்பது என் எண்ணம்.

நுணுக்குக்காட்டிக்கும் இதுவே முறை. மீரட் நகரிற் பிறந்த மனு பிரகாஷ் குழுவினர் 2014இல் வெளியிட்ட கடதாசி நுணுக்குக்காட்டியான ஃபோல்ட்ஸ்கோப், காந்தத்தால் தொலைபேசியில் ஒட்டிக்கொள்கின்றது.

ஓர் எச்சரிக்கை. 15-01-2010இலும் 26-12-2019இலும் குடாநாட்டிற் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. அத்தகைய நாளில் இக்கருவியைச் சூரியனை நோக்கித் திருப்ப எவருக்கும் ஆசையெழும். பொருள்வில்லையின் முன்னே அதற்கென அமைந்த சூரிய வடிகட்டி இன்றித் திருப்பினால், கமரா கருகும். கண்ணை வைத்தவன் பார்வையை இழப்பான்.

திரையிற் பலர் ஒருங்கே பார்க்கும்போது வகுப்பில் வாதம் பிறக்கின்றது. நாரையென நாம் வழங்கும் பறவைகளுட் கழுத்தை நீட்டிப் பறப்பனவும் உள. மடித்துப் பறப்பனவும் உள. முன்னையவை ஓரினம், பின்னையவை கொக்கினம். கடைசி வாங்கில் இருப்பவனும் இப்போது எழுந்துவந்து, திரையிலுள்ள கழுத்தை விரலாற் சுட்டி மறுக்கின்றான்.