கடலோரமா, காட்டோரமா: மட்டாஞ்சேரியிலிருந்து கிராவல் மிதிவண்டிப் பாதை தேர்தல்

பந்தய மிதிவண்டியின் வளைந்த கைப்பிடியையும் மலைப்பாதை வண்டிக்கு நெருங்கிய அகன்ற டயரையும் ஒருங்கே கொண்டு, தார்ச்சாலையிலும் சரளைமண்ணிலும் மாறிமாறி ஓட்டுவதற்கென அமைந்த வண்டியே கிராவல் மிதிவண்டி எனப்படுகிறது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் 2006இல் தொடங்கிய நெடுந்தொலைவுப் போட்டியால் பெயர்பெற்று, 2022இல் இத்தாலியில் தனக்கென ஓர் உலக சாம்பியன்ஷிப்பையும் அடைந்த இவ்வகை ஓட்டம், சரளைப் பாதைகள் பல கிலோமீட்டருக்கு இடையறாது நீளும் நிலங்களில் வளர்ந்தது. மட்டாஞ்சேரி அமைந்துள்ள, கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் அத்தகைய நிலம் அன்று. ஓர் ஊர் முடியுமிடம் தெரியாமல் அடுத்த ஊர் தொடங்கிவிடுவதாலும், சிறு சந்துகளுக்குக்கூடத் தாரோ கான்கிரீட்டோ இன்டர்லாக் கல்லோ போடப்பட்டுவிட்டதாலும், இங்கே மண்பாதை துண்டுதுண்டாகவே கிடைக்கிறது. ஆதலால் கடலா காடா என்று காட்சியை மட்டும் வைத்துத் தேர்வதைவிட, அத்துண்டுகள் எங்கே இருக்கின்றன, யாருடைய பொறுப்பில் இருக்கின்றன, எந்த மாதத்தில் உலர்ந்திருக்கின்றன என்பவற்றை முதலில் பார்ப்பதே பொருத்தமானது.

தெற்குக் கடலோரப் பாதை மட்டாஞ்சேரிவாசிக்கு மிக அருகிலுள்ளது. தமிழ் வண்ணார் குடும்பங்கள் தலைமுறைகளாகத் துணி வெளுத்துவரும் வேளி தோபிக்கானாவைக் கடந்து, சௌதி, கண்ணமாலி வழியாகச் செல்லானம் வரை ஏறத்தாழ 18 கி.மீ. சென்று, அங்கிருந்து அந்தகாரநழி, அர்த்துங்கல் வழியாக ஆலப்புழை வரை நீட்டித்துக்கொள்ளலாம். ஏற்றம் என்று சொல்லத்தக்கது இப்பாதையில் பாலங்கள் மட்டுமே. ஆனால் இதைக் கிராவல் பாதை என்று சொல்வது மிகை, பெரும்பகுதி தார்ச்சாலைதான். கடலேற்றக் காலத்தில் அலை அள்ளிப்போடும் மணல், காப்பு இல்லாத இடங்களில் சாலைமேல் கிடந்து சக்கரத்தை வழுக்கச் செய்வது மட்டுமே இங்குள்ள கரடுமுரடு. செல்லானம் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து புத்தன்தோடு வரை, டெட்ராபாட் எனப்படும் நான்கு கால் கொண்ட கான்கிரீட் கட்டிகளை அடுக்கிக் கட்டிய கடற்சுவர் அந்த ஊர்களின் மழைக்காலத்தையே மாற்றியிருக்கிறது; சுவரின் வடக்கே அந்தக் காப்பு இல்லாத ஊர்களைக் கடக்கும்போது வேறுபாடு கண்கூடாகத் தெரியும். புதிதாக ஓட்டத் தொடங்குபவர் உடலையும் வண்டியையும் பழக்கிக்கொள்ள இப்பாதை போதும்; அதற்குமேல் இதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

வடக்கே வைப்பின் தீவும் அதன் கிழக்கிலுள்ள கடமக்குடித் தீவுகளும் வேறு வகையான நிலம். ஃபோர்ட் கொச்சியிலிருந்து வாகனங்களை ஏற்றிச் செல்லும் ரோ-ரோ படகில் மிதிவண்டியோடு வைப்பினை அடைந்து, நெரிசல் மிகுந்த நடுச்சாலையைத் தவிர்த்துக் கடற்கரைப் பக்கத்துச் சிறுசாலைகளில் ஞாரக்கல், குழுப்பிள்ளி, செறாய் வழியாக முனம்பம் வரை போகலாம். போர்த்துக்கீசியர் 1503இல் கட்டிய அறுகோண வடிவப் பள்ளிப்புறம் கோட்டை அவ்வழியில் இருக்கிறது. எனினும் கிராவல் வண்டிக்கு உரிய பகுதி கடற்கரை அன்று, கடமக்குடிப் பக்கத்துப் பொக்காளி வயல்களின் வரப்புகளே. பொக்காளி என்பது உப்பைத் தாங்கி வளரும் நெல். தென்மேற்குப் பருவமழை வயலின் உப்பைக் கழுவிய பின் ஜூன் மாதத்தையொட்டி விதைக்கப்பட்டு, அக்டோபர், நவம்பரில் அறுக்கப்படுகிறது. அறுவடைக்குப் பின் தூம்பு எனப்படும் மதகுகள் வழியே கடல்நீர் உள்ளே விடப்பட்டு, ஏப்ரல் வரை அதே வயல் இறால் வளர்க்கும் நீர்நிலையாகிறது. இந்த இரட்டைப் பயிரைத் தாங்கி நிற்பவை சேற்றையும் மண்ணையும் கொட்டி உயர்த்திய அகன்ற வரப்புகள். டிசம்பருக்குப் பின் அவை இறுகிக் காய்ந்து, இருபுறமும் நீர் நிற்க, 40 மி.மீ. டயருக்கு அளவெடுத்தாற்போன்ற பாதையாகின்றன. மாவட்டத்தின் கடலோரத்தில் கிராவல் என்ற சொல்லுக்குத் தகுதியான தரை இதுவே. ஆனால் இவ்வரப்புகள் பொதுவழி அல்ல. உழவர்களுடையவை அல்லது இறால் குத்தகைக்காரர் பொறுப்பில் உள்ளவை. கேட்டுவிட்டுப் போவது மரியாதைக்காக மட்டுமன்று, எந்த வரப்பு எங்கே உடைந்திருக்கிறது என்பதை அறிந்தவர்களும் அவர்களே என்பதற்காகவும்தான்.

கடலுக்கும் காட்டுக்கும் இடைப்பட்ட மேட்டுநிலத்தைப் பெரும்பாலோர் வெறும் வழியாகக் கருதிக் கடந்துவிடுகின்றனர். இது பெரிய இழப்பு. பூதத்தான்கெட்டில் பெரியாற்றின் குறுக்கே கட்டிய கதவணையிலிருந்து கிளைக்கும் பெரியாறு பள்ளத்தாக்குப் பாசனத் திட்டத்தின் கால்வாய்கள், கோதமங்கலம், பெரும்பாவூர்ப் பகுதிகளில் ரப்பர்த் தோட்டங்களுக்கும் சாதிக்காய் மரங்களுக்கும் இடையே ஓடுகின்றன. கால்வாயைப் பராமரிக்க அமைத்த கரைப்பாதைகள் சில இடங்களில் தார் பூசப்பட்டும், பல இடங்களில் செம்மண்ணும் சரளையுமாகவும் இருக்கின்றன. கால்வாய் நீர் மெல்ல இறங்கிச் செல்ல வேண்டியிருப்பதால் அதன் கரையும் செங்குத்தாக ஏறுவதில்லை. குன்றுகள் நிறைந்த நிலத்தில் கடும் ஏற்றமின்றி ஓட்ட இதைவிட எளிய வழி இல்லை. பெரும்பாவூரை அடுத்த இரிங்ஙோல்காவு, ஏறத்தாழ 50 ஏக்கர் பரப்பில் நகரின் ஓரத்தில் எஞ்சிய கோயிற்காடு. அங்கே வண்டியை வெளியில் நிறுத்திவிட்டு நடந்துதான் செல்ல வேண்டும். மட்டாஞ்சேரியிலிருந்து இவ்வளவு தூரம் நெரிசலில் மிதிக்கத் தேவையில்லை: தோப்பும்படி, வில்லிங்டன் தீவு வழியாக எர்ணாகுளம் சென்று, 2020 முதல் மிதிவண்டியை ஏற்ற இசைவு தந்துள்ள கொச்சி மெட்ரோவில் ஆலுவா வரை போய், அங்கிருந்து ஓட்டத்தைத் தொடங்கலாம்.

காட்டோரம் என்றால் முதலில் சொல்லப்படுவது தட்டேக்காடு. 1933இல் திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளை ஆய்ந்த சாலிம் அலியின் பெயரால் 1983இல் அறிவிக்கப்பட்ட, 25 ச.கி.மீ. அளவிலான சரணாலயம் இது. கோதமங்கலத்திலிருந்து தட்டேக்காடு, குட்டம்புழை வழியாகப் பூயங்குட்டி வரை செல்லும் பொதுச்சாலை ஓட்டுவதற்கு இனியது. அதற்கு அப்பால் ஆலுவாவையும் மூணாறையும் இணைத்த பழைய ராஜபாதை மாங்குளம் நோக்கிச் சென்றது; மலையாளிகள் கொல்லம் ஆண்டுக் கணக்கால் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று குறிப்பிடும் 1924 பெருமழை அதை அழித்துவிட, 1935இல் திறக்கப்பட்ட நேரியமங்கலம் பாலத்தின் வழியாகப் போக்குவரத்து மாறியது. கைவிடப்பட்ட அந்தப் பாதை கிராவல் ஓட்டிகளை மிகவும் ஈர்ப்பது இயல்பு. ஆயினும் அது வனத்துறைக் கட்டுப்பாட்டில் உள்ள யானைக்காடு; அனுமதியின்றி நுழைவது சட்டமீறல் மட்டுமன்று, உயிருக்கும் ஆபத்து. காலடிக்கு வடக்கே, ஐயம்புழை வழியாக அதிரப்பள்ளி நோக்கிச் செல்லும் எண்ணெய்ப்பனைத் தோட்டச் சாலையிலும் யானைகள் நடமாடுகின்றன. மிதிவண்டி ஓசையின்றி வருவதால் வளைவில் யானையும் மனிதரும் ஒருவரையொருவர் மிக அருகில் திடீரெனக் காண நேர்கிறது. எனவே விடியலிலும் அந்தியிலும் இச்சாலைகளில் ஓட்டுவதும், தனியாக ஓட்டுவதும் அறவே தவிர்க்கப்பட வேண்டியவை.

வண்டியைப் பொறுத்தவரை, 38 முதல் 42 மி.மீ. வரையான டயர் எல்லாப் பாதைகளுக்கும் போதும். உலர்ந்த வரப்பில் காற்றழுத்தத்தைச் சற்றுக் குறைத்தால் அதிர்வு தணியும். கடலோரத்தில் ஓட்டிய அன்றே சங்கிலியை நன்னீரில் கழுவி எண்ணெயிட வேண்டும், உப்புக்காற்றின் அரிப்பு விரைவானது. மாதங்களுள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உகந்தவை.

இவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ள விரும்புபவருக்குக் கடமக்குடி வரப்புகளையே பரிந்துரைக்க வேண்டும். ஒரு முழு நாளும் ஒரு துணையும் கிடைப்பவர் ஆலுவாவிலிருந்து கால்வாய்க்கரை வழியாகப் பூதத்தான்கெட்டுக்குச் செல்லலாம். மழை பெய்த மறுநாள்களில் வரப்புகளில் ஏறாதிருக்குமாறு ஓட்டிகளைக் கேட்டுக்கொள்வது இன்றியமையாதது: ஈரமண்ணில் பதியும் டயர்த்தடம் நீர் கசியும் வழியாகிறது, வரப்பு உடைந்தால் ஒரு குடும்பத்தின் அவ்வாண்டு இறால் முழுவதும் அந்நீரோடு போய்விடும்.