விடுபட்ட நிகழ்ச்சி எங்கே?

"இந்த வாரம் என்னென்ன நிகழ்ச்சிகள்?" என்று இணைய நாட்காட்டியைத் தட்டினால், கண்ணிமைக்கும் நேரத்தில் பட்டியல் வந்துவிடுகிறது. கணிப்பொறி அதை எப்படித் தேடுகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

தகவல்களை அட்டவணைகளாக அமைத்துக் கையாளும் முறையை 1970-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் வெளியிட்டார். அவ்வாறு அமைந்த தொகுப்பே தொடர்புசார் தரவுத்தளம். நாட்காட்டியை இம்முறையில் அமைத்தால், ஒவ்வொரு நிகழ்ச்சியும் ஒரு நிரை. பெயர், தொடக்கம், முடிவு ஆகியவை நிரல்கள். அட்டவணையிடம் நாம் கேட்கும் கேள்வி 'வினவல்' எனப்படும்.

ஓர் எடுத்துக்காட்டு:

1. சந்திரயான்-3, நிலவில் இறங்கும் வரையிலான பயணம்: 14-7-2023 முதல் 23-8-2023 வரை
2. சந்திரயான்-3, நிலவின் சுற்றுப்பாதையில் நுழைதல்: 5-8-2023, அன்றே முடிவு
3. ஆதித்யா எல்-1 பயணம்: 2-9-2023 முதல் 6-1-2024 வரை

2023 ஆகஸ்ட் 1 முதல் 7 வரை நடந்தவை எவை? "தொடக்கம் இந்நாட்களுக்குள் இருப்பவற்றைக் கொடு" என்று கேட்டால் இரண்டாம் நிரை மட்டுமே கிடைக்கும். ஆனால் சந்திரயான் அந்த வாரம் முழுவதும் பயணத்தில் இருந்ததே! "தொடக்கமோ முடிவோ இந்நாட்களுக்குள்" என்று கேட்டாலும் முதல் நிரை சிக்காது. அதன் தொடக்கம் ஜூலையில். முடிவோ ஆகஸ்ட் 23-ல். தவறு கணிப்பொறியினுடையது அன்று, நம் கேள்வியினுடையது.

இப்போது தலைகீழாக யோசிப்போம். இந்த வாரத்தைத் தொடாத நிகழ்ச்சிகள் எவை? இரண்டே வகைதான்: 1-ஆம் தேதிக்கு முன்பே முடிந்தவை, அல்லது 7-ஆம் தேதிக்குப் பின் தொடங்கியவை. இக்கூற்றை மறுத்துப் பாருங்கள். கணக்குப் பாடத்தில் படித்த டி மார்கன் விதிப்படி 'அல்லது' என்பது 'மற்றும்' ஆக மாறும்:

தொடக்கம் ≤ 7-8-2023 மற்றும் முடிவு ≥ 1-8-2023

முதலிரண்டு நிரைகளும் இதற்குப் பொருந்துகின்றன, மூன்றாவது விலகிவிடுகிறது. சரியான விடை!

இது வெறும் புதிரன்று. மூன்று நாள் கண்காட்சிக்காக ஓர் அரங்கு பதிவாகியிருக்கிறது. நடுநாளில் அது காலியா என்று முதலிரு முறைகளில் கேட்டால் 'காலி' என்றே விடை வரும். ஒரே அரங்குக்கு இரு கூட்டத்தார் வந்து நிற்பர்!

உங்களுக்கு ஒரு பயிற்சி: ஓர் அரங்கில் ஒரு கூட்டம் 10 முதல் 11 மணி வரை, அடுத்தது 11 முதல் 12 வரை. இவை மோதுவதில்லை. அப்படியானால் மேலேயுள்ள வினவலில் எக்குறிகளை மாற்ற வேண்டும்?